பழைய மொடத்தை இணையத் தொலைபேசியில் பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் பைபர் வந்த வீடுகள், கடைகள் பலவற்றில் செப்புக் கம்பி லைன் கழன்றுவிட்டது. தொலைபேசியில் பேசுகிறவருக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அந்த லைனில் மொடம், அதாவது தரவை ஒலியாக்கித் தொலைபேசி வழியே அனுப்பும் கருவி, வைத்திருந்தவருக்குத்தான் தெரிகிறது. அரிசி ஆலையின் அலாரம் பெட்டி, கடையில் இன்னும் ஓடும் பழைய அட்டை இயந்திரம், அலுவலகத் தொலைபேசிப் பலகையைத் தூரத்திலிருந்து பார்க்கும் மொடம், பழைய கணினிகளை ஆசையோடு ஓட்டிப் பார்க்கும் பிள்ளைகளின் மொடம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே முறைப்பாடுதான்: மணி போகிறது, கீச்சென்று சத்தம் வருகிறது, பிறகு லைன் வெட்டிப்போகிறது.

உடனே பலர் செய்வது வேகமான பெக்கேஜுக்கு மாறுவது. அந்தக் காசு வீண். இணையத் தொலைபேசி ஒலியைச் சிறு சிறு பொதிகளாக்கி அனுப்புகிறது. சுருக்காத ஜி.711 முறையில் ஒரு கோலுக்கு, அந்தப் பொதிகளின் தலைப்புகளையும் சேர்த்து, ஒரு திசைக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் போதும். மொடம் எதிர்பார்ப்பது ஒழுங்கைத்தான். பேச்சில் ஒரு சிறு துண்டு விழுந்தால் கேட்பவரின் காது அதை நிரப்பிக்கொள்ளும். மொடத்தில் 20 மில்லிசெக்கன் பொதி ஒன்று தவறினால், 33.6 கிலோபிட் வேகத்தில் 670 பிட்டுக்கு மேல் காணாமல் போகிறது. அது திரும்பவும் முதலிலிருந்து பேசத் தொடங்கும், அல்லது லைனை விட்டுவிடும். ஆகவே அடாப்டரை, அதாவது பழைய தொலைபேசியையும் மொடத்தையும் இணையத்தில் பூட்டும் பெட்டியை, வைஃபையில் விடாமல் ரவுட்டரோடு கேபிளால் இணையுங்கள். வேகத்தைக் கூட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது கோடெக், அதாவது ஒலியை டிஜிட்டலாக மாற்றும் முறை. ஜி.729 மனிதக் குரலை மனத்தில் வைத்து உருவானது. 64 கிலோபிட் பேச்சை 8 ஆகக் குறைக்கிறது. மொடத்தின் ஒலி அதற்குள் போனால் சிதைந்துதான் வெளியே வரும். ஜி.711ஐப் பட்டியலின் மேலே ஏற்றிவைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். மறுமுனை வேறொன்றைக் கேட்டால் அடாப்டர் இணங்கிவிடும், அதனால் மற்றவற்றை நீக்கியே விடுங்கள். ஜி.711இலும் இரண்டு வகை உண்டு. இலங்கையில் ஏ-லோ, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லோ. ஒன்றை மற்றதாக மாற்றும் இடத்தில் சேரும் சிறு இரைச்சல் காதுக்குக் கேட்காது, வேகமாக ஓடும் மொடத்துக்குக் கேட்கும்.

நம் பகுதியில் இதைவிடப் பெரிய தொல்லை 4ஜி ரவுட்டர். அதன் பின்னால் தொலைபேசி பூட்டும் துளை இருக்கிறதே என்று மொடத்தை அதிலேயே செருகிவிடுகிறார்கள். அந்தக் கோல் பெரும்பாலும் போவது ஏஎம்ஆர் என்ற கைத்தொலைபேசிக் கோடெக்கில். அப்படியானால் எந்த செட்டிங்கை மாற்றினாலும் மொடம் ஓடாது. அதில் நாட்களைச் செலவழிக்காதீர்கள்.

சரி, பைபரும் ஜி.711உம் இருக்கிறது, இன்னும் வெட்டிப்போகிறது என்றால் அடாப்டர் செய்யும் உதவிகளைப் பாருங்கள். பேச்சு நல்லாக் கேட்க அது சத்தமில்லாத நேரத்தில் பொதி அனுப்பாமல் விடுகிறது, விழுந்த துண்டை ஊகித்து நிரப்புகிறது, எதிரொலியை அழிக்கிறது. மூன்றையும் நிறுத்த வேண்டும். முக்கியமாக எதிரொலி. வி.32, வி.34 என்ற வேகமான தரங்களில் ஓடும் மொடங்களில் இரு திசையும் ஒரே அலைவரிசையில் போவதால், தன் எதிரொலியைக் கழிக்கும் கணக்கை மொடமே போடுகிறது. நடுவில் இன்னொன்றும் கழித்தால் கணக்குக் குழம்பிவிடும். இதற்காகவே பதில் சொல்லும் மொடம் 2100 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பி, 450 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அந்த அலையின் கட்டத்தைத் தலைகீழாக்குகிறது. வழியிலுள்ள எதிரொலி அழிப்பான்கள் ஒதுங்க வேண்டும் என்பதற்கான சைகை அது. எல்லா அடாப்டர்களும் அந்தச் சைகையை மதிப்பதில்லை, நாம்தான் கையால் நிறுத்த வேண்டும். அதே 2100 ஹெர்ட்ஸ் ஒலியை பெக்ஸ் இயந்திரமும் எழுப்பும் என்பதால், சில பெட்டிகள் மொடத்தை பெக்ஸ் என்று எடுத்துக்கொண்டு டி.38 முறைக்குத் தாவிவிடுகின்றன. டி.38 பெக்ஸுக்கு மட்டுமே. அதை அணைத்து, ஒலியை அப்படியே கடத்தும் முறையில் விடுங்கள்.

பொதிகளைச் சேர்த்துவைத்து ஒழுங்காக விடும் தாங்கியைத் தானாக மாறும் நிலையில் விடுவதும் தவறு. பேச்சுக்கு அது நல்லது. மொடத்துக்கோ, நடுவழியில் தாமதம் மாறினால் எல்லாம் குலைந்துபோகும். நிலையான அளவில் வையுங்கள், கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை.

கவனிக்காமல் விடப்படுவது கடிகாரம். பழைய தொலைபேசி வலையமைப்பு முழுவதும் ஒரே தாளத்தில் ஓடியது. இப்போது உங்கள் அடாப்டருக்குத் தாளம் கொடுக்க ஒரு படிகம், மறுமுனை அடாப்டருக்கு வேறொரு படிகம். இரண்டுக்கும் பத்து இலட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால், ஒலியை அளந்து செக்கனுக்கு 8000 மாதிரி எடுக்கும் இடத்தில் 0.4 மாதிரி விலகும். 400 செக்கனில், அதாவது 6 நிமிடம் 40 செக்கனில், ஒரு முழு 20 மில்லிசெக்கன் பொதி கூடும் அல்லது குறையும். ஆகவே லைன் எப்போது வெட்டுகிறது என்று நேரத்தைக் குறித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே இடைவெளியில் என்றால் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். தாறுமாறாக வெட்டினால் இணைய வழியைச் சந்தேகியுங்கள். இரண்டு துளையுள்ள அடாப்டர் இருந்தால், ஒன்றில் ஒரு மொடமும் மற்றதில் இன்னொன்றும் பூட்டி ஒன்றிலிருந்து மற்றதுக்கு அழைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே கடிகாரம். அங்கே நன்றாக ஓடி வெளியே ஓடாவிட்டால், மொடத்தைக் குற்றம் சொல்ல இடமில்லை.

வேகத்தை மொடத்தின் விருப்பத்துக்கு விடுவதும் கூடாது. இரு முனையிலும் சாதாரண மொடம் என்றால் உச்சமே 33.6தான், 56க்கு மறுமுனை நேரடி டிஜிட்டல் இணைப்பில் இருக்க வேண்டும். நான் முதலில் போகச் சொல்வது வி.22பிஸ் என்ற மெதுவான தரம், செக்கனுக்கு 2400 பிட். அதில் ஒரு திசை 1200 ஹெர்ட்ஸிலும் மற்றது 2400 ஹெர்ட்ஸிலும் தனித்தனியாகப் போவதால் எதிரொலித் தொல்லையே இல்லை. பல மொடங்களில் ஏடி+எம்எஸ்=வி22பி என்ற கட்டளை இதைச் செய்யும். டயல் ஒலி பழையதுபோல் இல்லை என்று மொடம் அடம்பிடித்தால், அந்த ஒலிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லும் ஏடிஎக்ஸ்3 கட்டளையைக் கொடுங்கள். அட்டை இயந்திரம் அனுப்பும் சில நூறு எழுத்துக்கு 2400 தாராளம். இங்கே நன்றாக ஓடினால் பிறகு படிப்படியாக ஏற்றலாம்.

பெட்டியில் பதிந்த எண்ணையும் பாருங்கள். முன்பு மட்டக்களப்புக்குள் ஏழு இலக்கம் அழுத்தினால் போதும். இணையத் தொலைபேசிக் கணக்குகள் பெரும்பாலும் 065, 063, 067 என்று முன்னிலக்கத்தோடு முழு எண்ணையும் கேட்கும். வீட்டுச் சுவரிலுள்ள பழைய வயரிங்கில் அடாப்டரைச் செருகும் முன், வெளியிலிருந்து வரும் செப்புக் கம்பியை அதிலிருந்து கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடாப்டர் பழுதாகலாம்.

அலாரம் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். செப்புக் கம்பி லைனுக்கு மின்சாரம் எக்சேஞ்சிலிருந்து, 48 வோல்ட் பற்றரியிலிருந்து வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் லைன் உயிரோடு இருந்தது. இப்போது பைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர் மூன்றும் வீட்டுக் கரண்டில் நிற்கின்றன. கார்த்திகை, மார்கழி மாரியில் கரண்ட் போகிற அதே நேரத்தில்தான் ஐஸ் ஆலையின் அலாரம் அழைக்க வேண்டிவரும். மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள். தீ எச்சரிக்கைப் பெட்டியாக இருந்தால் மொடத்தை நம்பாமல், சிம் அல்லது நேரடி இணைய வழியில் செய்தி அனுப்பும் கருவிக்கு மாற்றுவதே சரி. அதுவரை, மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சோதனைக் கோல் ஒன்று போடச் செய்து, மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு எழுதிவையுங்கள்.