வளர்ப்பு நாய் கடித்துவிட்டால்: முதல் நிமிடத்திலிருந்து பத்தாம் நாள் வரை

நாய் கடித்ததும் வளர்ப்பவர்கள் பலர் செய்யும் முதல் தவறு, கடிபட்டவரை விட்டுவிட்டு நாயை அடிப்பது. அடுத்தது, "ஊசி போட்ட நாய்தான், ஒண்ணும் ஆகாது" என்று வாதாடுவது. இரண்டையும் விடுங்கள். முதலில் நாயை ஓர் அறையில் அடைத்துக் கதவைத் தாழிடுங்கள். ஆவேசத்தில் நிற்கும் நாய், பிடிக்க வரும் சொந்தக்காரரின் கையையும் கடிக்கும். அதனால் கழுத்துப்பட்டையைத் தேடிக் கையை நீட்டாமல், நாற்காலியையோ பலகையையோ கனமான போர்வையையோ குறுக்கே வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். நாய் இன்னும் பல்லை விடவில்லை என்றால் கடிபட்டவரைப் பிடித்து இழுக்கவே கூடாது. துளையோடு நின்றிருக்க வேண்டிய காயம் கிழிசலாகிவிடும். நாயின் முகத்தில் தண்ணீரை வேகமாக அடித்தால் சில நேரம் பிடி தளரும்.

காயத்தைக் குழாய்த் தண்ணீர் ஓட ஓட, சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயின் கிருமிக்கு மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைச் சிதைக்கிறது, ஓடும் நீர் எச்சிலை அடித்துக்கொண்டு போகிறது. பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவலாம். வேறு எதையும் காயத்தில் வைக்க வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். ரத்தம் பீறிட்டு வந்தால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவர் காயத்தை மூன்று வகையாகப் பிரிப்பார். கீறல் இல்லாத தோலை நாய் நக்கியிருந்தால் ஊசி தேவையில்லை. ரத்தம் வராத சிறு கீறலுக்குத் தடுப்பூசி போதும். பல் பதிந்து ரத்தம் வந்திருந்தாலோ, புண்ணிலோ வாய், கண் போன்ற இடங்களிலோ எச்சில் பட்டிருந்தாலோ தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அது கிருமியை எதிர்க்கும் ஆயத்தப் புரதம், காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் போடப்படும் ஊசி. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை உள்ள இடைவெளியை அதுதான் அடைக்கிறது. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டினால் இம்யூனோகுளோபுலினைப் போட்டுப் பயனில்லை. தடுப்பூசி நாட்கள் 0, 3, 7 என்று எண்ணப்படும், போடும் முறையைப் பொறுத்து 14, 28 ஆகியவையும் சேரும். இதில் 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடிபட்ட நாள் அல்ல. டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். தையல் போடவில்லையே என்று சண்டை போட வேண்டாம். நாய்க்கடியில் தையலைத் தள்ளிப்போடுவது வழக்கம்தான்.

கடித்த நாயைப் பத்து நாள் கண்ணெதிரே வைத்திருப்பதுதான் வளர்ப்பவரின் தலையாய கடமை. ரேபிஸ் உள்ள நாயின் எச்சிலில் கிருமி வருவது, நோய்க்குறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்புதான். அதன்பின் நாய் விரைவில் இறந்துவிடும். கடித்து பத்து நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அப்போது மருத்துவர் மீதி ஊசிகளை நிறுத்தலாம். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி தொடங்கலாம் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. ஊசி அன்றே தொடங்க வேண்டும்.

கோபத்திலோ பயத்திலோ நாயைக் கொல்வது, தொலைவில் கொண்டுபோய் விடுவது, உறவினர் வீட்டுக்கு அனுப்புவது எல்லாமே கடிபட்டவருக்குக் கிடைக்கவிருந்த ஒரே தெளிவான தகவலை அழிக்கும் செயல்கள். இந்தப் பத்து நாளில் நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போடவும் வேண்டாம். ஊசியின் பின்விளைவை நோய்க்குறி என்று குழப்பிக்கொள்ள நேரும். நாயைத் தனி அறையில் வைத்து, ஒரே ஆள் சாப்பாடு கொடுத்து, தினமும் ஒரு வரி எழுதி வைக்கட்டும்: தின்றதா, குடித்ததா, நடை தள்ளாடுகிறதா, குரல் மாறியிருக்கிறதா, எச்சில் வழிகிறதா, தாடை தொங்குகிறதா. ஏதாவது மாறினால் அன்றே கால்நடை மருத்துவருக்கும் கடிபட்டவருக்கும் சொல்லுங்கள். நாய் இறந்தால் புதைக்க வேண்டாம், ரேபிஸைச் சோதிக்க மூளை வேண்டும். வெறுங்கையால் தொடாமல், உடலைக் குளிர்ச்சியாக வைத்துக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

கடிபட்டவரிடம் உங்கள் பெயர், தொலைபேசி எண், நாயின் தடுப்பூசிச் சான்றின் படம் மூன்றையும் கேட்காமலே எழுத்தில் கொடுங்கள். சிகிச்சைச் செலவை ஏற்பதாக அப்போதே சொல்லிவிடுங்கள். உள்ளூர் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தால், பணம் கொடுத்துச் சமாதானமாகப் போனாலும் அந்தக் கடமை தீராது. என்ன நடந்தது, எந்த இடம், நாய் கட்டியிருந்ததா, யார் பார்த்தார்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். ஒரு வாரம் போனால் எல்லோருக்கும் நினைவு மாறிவிடும்.

இனி நாய். திடீரென்று கடிக்கத் தொடங்கிய நாய்க்கு முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்: காது, பல், இடுப்பு மூட்டு. கடியின் கடுமையை எடைபோடக் கால்நடை மருத்துவர் இயான் டன்பாரின் ஆறு நிலை அளவுகோல் உதவும். பல் தோலில் பட்டும் துளைக்காதது இரண்டாம் நிலை. ஒரே கடியில், கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் போகாத துளைகள் மூன்றாம் நிலை. அதைவிட ஆழமானது நான்கு. மூன்று வரை பயிற்சியால் மாற்ற இடமுண்டு. நான்கிலிருந்து, நடத்தை நிபுணர் இல்லாமல் எதையும் முயல வேண்டாம், குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த நாயை வைத்திருப்பதே கேள்விக்குரியது.

உறுமினால் அதட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதட்டினால் உறுமல்தான் போகும், கோபம் போகாது. அடுத்த முறை நாய் எச்சரிக்காமலே கடிக்கும். உடல் விறைப்பது, வாயை இறுக மூடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்ப்பது ஆகியவை உறுமலுக்கும் முன்னால் வரும். அப்போதே தூரத்தைக் கூட்டுங்கள்.

வெளியே போகும்போது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரண வார் போதும். நீண்டு சுருங்கும் வகை வேண்டாம், கணத்தில் நாயை நிறுத்த முடியாது. வாய்மூடி கூடை வடிவில் இருக்க வேண்டும். உள்ளே நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கும் துணி வகையில் நாய்க்கு உடல் சூடு தணியாது, சில நிமிடத்துக்கு மேல் ஆபத்து. முதல் நாளே மாட்டிவிடாதீர்கள். கூடைக்குள் தின்பண்டம் வைத்து, நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை சில நாள் விடுங்கள். பிறகு வாய்மூடியின் பட்டையைப் பூட்டாமல் பிடித்துப் பழக்கி, கடைசியில் பூட்டுங்கள். காலால் பிறாண்டினால் ஒரு படி பின்னால் போய்த் தொடங்குங்கள்.