கீமோ ஏறும் நேரத்துக்குப் பாட்டு எடுத்து வைப்பது எப்படி?

பாட்டு கட்டியைக் கரைக்காது. அப்படிச் சொல்லிக் காசு கேட்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் 2021 தொகுப்பாய்வு 81 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, புற்றுநோயாளிகளின் பதற்றம், வலி, களைப்பு ஆகியவை இசையால் குறையலாம் என்றுதான் சொன்னது. வீரவநல்லூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்து, பாளையங்கோட்டையில் பொழுதுக்கும் கையில் ஊசியோடு சாய்ந்து கிடக்கும் என் அம்மாவுக்கு அதுவே பெரிய காரியம். வாந்தி மாத்திரையை மட்டும் பாட்டை நம்பித் தள்ளிப் போடாதீர்கள்.

என்ன கேட்பது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அமைதியாக இருக்கட்டும் என்று நாமாகப் புல்லாங்குழலைப் போட்டால், பிடிக்காதவருக்கு அது இன்னொரு தொந்தரவு. அம்மா கேட்டது வில்லுப்பாட்டு, அதிலும் சுடலைமாடன் கதை. "ஆஸ்பத்திரியில வச்சு சுடுகாட்டுக் கதையா?" என்று சித்தி முகம் சுளித்தாள். ஊசி ஏறுவது அம்மாவுக்குத்தானே! கதைப்பாட்டில் ஒரு வசதி உண்டு. சினிமாப் பாட்டு நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும், கண் உடனே சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்துப் பாட்டிலுக்குப் போய்விடும். கதை அப்படி விடாது. உடுக்கையும் குடமும் கொஞ்சம் அடங்கி, புலவர் கதை சொல்லத் தொடங்கும்போது, அம்மா பெருவிரலால் போர்வை ஓரத்தில் தாளம் தட்டிக்கொண்டிருப்பாள். ஊசி குத்தும் முன்பே போட்டுவிடுங்கள். பயம் அப்போதுதான் அதிகம்.

இனி சொல்வதுதான் முக்கியம். உயிராக நேசிக்கிற பாட்டை கீமோ நாற்காலிக்குக் கொண்டுபோகாதீர்கள். சிலருக்கு அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாடை பட்டாலே, மருந்து ஏறும் முன்பே குமட்டும். வாந்தி வந்த நேரத்தில் கூட இருந்த வாடையையும் ருசியையும் உடம்பு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. பாட்டும் அந்த முடிச்சில் சிக்கலாம். அம்மா பிறந்த ஊர் காருகுறிச்சிப் பக்கம். அந்த ஊர் வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். 1964-இலேயே மறைந்துவிட்டவர் என்றாலும், அவள் பேச்சில் நேற்றுப் பார்த்த ஆள் மாதிரிதான் வருவார். அதையும் போனில் ஏற்றட்டுமா என்று கேட்டேன். "ஏட்டி, அத அங்க கொண்டு போயி கெடுத்துராத" என்றாள். எனக்கு இதைப் பிறகு ஒரு நர்ஸ் விளக்கினார். அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆக, பிடித்ததில் இரண்டாந்தரத்தை ஆஸ்பத்திரிக்கு வையுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. முந்தின ராத்திரியே பாட்டைப் போனில் இறக்கி வைத்துவிடுங்கள், நடுவில் விளம்பரம் கத்தாது. இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினால் போதும். நர்ஸ் கூப்பிடுவது கேட்க வேண்டும். ஊசி போட்ட இடம் எரிந்தால், வீங்கினால் பாட்டை நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும். வெள்ளையணு குறைந்து நோய் சுலபமாகத் தொற்றும் நேரம் என்பதால் காதுக்குள் செருகுவதை யாருக்கும் இரவல் தராமல், துடைத்து வையுங்கள். முடி கொட்டும்போது மண்டை தொட்டாலே வலிக்கும், தலையை இறுக்கும் ஹெட்போன் அப்போது ஆகாது.

வீட்டுக்கு வந்த ராத்திரி தூக்கம் வராமல் போகலாம். வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் மருந்து அப்படிச் செய்யும். அப்போது ரேடியோவைச் சன்னமாக வைத்தால் போதும், கதையெல்லாம் வேண்டாம்.

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொள்கிறவர்கள் சத்தத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். அந்த மருந்து செவியைப் பாதிக்கக்கூடியது. காதில் ரீங்காரம் கேட்டாலோ, வழக்கத்தைவிடச் சத்தம் கூட்டச் சொன்னாலோ, அடுத்த கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.