கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும்: குடிமைப் பங்கேற்பை வளர்ப்பதில் பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்களைப் பொறுப்புள்ள குடிமக்களாக வளர்க்க வேண்டும் என்பதில் எந்தப் பள்ளிக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால் அதற்காகப் பள்ளிகள் மேற்கொள்ளும் முயற்சிகளில் பல, நல்ல நோக்கத்துடன் தொடங்கினாலும், "நாம் என்ன சொன்னாலும் இங்கே எதுவும் மாறாது" என்ற எண்ணத்தையே மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகின்றன. தான் சொன்னதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார், அதற்குப் பதில் சொன்னார், அதனால் ஏதோ ஒன்று நடந்தது என்ற அனுபவம் சிறு வயதிலேயே வாய்க்கும்போதுதான் பொதுக் காரியங்களில் ஈடுபடும் பழக்கம் வேர்பிடிக்கிறது. அந்த அனுபவத்தைத் தராமல் அதன் தோற்றத்தை மட்டும் தருவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

எல்லோர் கண்ணிலும் படுவது விழிப்புணர்வுப் பேரணி. பெரியவர்கள் தேர்ந்தெடுத்த தலைப்பில், பெரியவர்கள் எழுதிக் கொடுத்த முழக்கங்களைக் கூவி, பெரியவர்கள் அச்சிட்ட பதாகைகளை ஏந்தி மாணவர்கள் நடக்கிறார்கள், படங்கள் எடுக்கப்படுகின்றன, அத்துடன் அது முடிந்துவிடுகிறது. யுனிசெஃப் 1992இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். குழந்தைகளைக் கருவியாகப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவுக்குச் சேர்த்துக்கொள்வது ஆகிய கீழ் மூன்று படிகளும் பங்கேற்பில் சேராதவை என்பது அவரது கருத்து. பேரணியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதைப் பற்றிய பேரணி, யாரிடம் என்ன கேட்கிறோம், கேட்டது கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்வோம் என்பவற்றை மாணவர்களே பேசி முடிவு செய்யாதவரை, அது அலங்காரப் படியைத் தாண்டாது.

இதைவிட ஆழமாகக் காயப்படுத்துவது அதிகாரம் இல்லாத மாணவர் மன்றம். தேர்தல் நடக்கிறது, வாக்குப்பெட்டி வைக்கப்படுகிறது, வெற்றி பெற்றவர்களின் சட்டையில் பட்டை குத்தப்படுகிறது. அதன் பிறகு அவர்களுக்குக் கிடைக்கும் வேலை, விழா நாட்களில் வரிசையை ஒழுங்குபடுத்துவதும் விருந்தினரை வரவேற்பதும்தான். அப்படிப்பட்ட மன்றம் ஒன்றின் கூட்டத்தில் ஒருமுறை நான் பார்வையாளராக அமர்ந்திருந்தேன். பன்னிரண்டு வயது இருக்கக்கூடிய ஒரு மாணவி எழுந்து, மாணவியர் கழிப்பறையில் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றும், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருப்பதால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னாள். பொறுப்பாசிரியர் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சு வரவில்லை. அதற்கு அடுத்த கூட்டத்தில் அந்த மாணவியும் எதுவும் பேசவில்லை. அவள் அன்று கற்றுக்கொண்ட பாடத்தை எந்தக் குடிமையியல் புத்தகத்தாலும் எளிதில் மாற்ற முடியாது.

தாழ்ப்பாள் சிறிய விஷயம்தான். ஆனால் தன் தேவையைப் பொதுத் தேவையாக எடுத்துச் சொல்வது, காரணம் காட்டுவது, உரியவரிடம் கொண்டுசேர்ப்பது என்று குடிமைச் செயல்பாட்டின் அத்தனை கூறுகளும் அதில் இருந்தன. பள்ளியின் பங்காக எஞ்சியிருந்தது பதில் சொல்வது மட்டுமே. குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றது. அதன் 12ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையுடன், அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுகிறது. மதிப்பு அளிப்பது என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று பொருளாகாது. "இந்த ஆண்டு பணம் இல்லை, இவ்வளவு செலவாகும், இன்ன மாதத்தில் மீண்டும் பார்ப்போம்" என்று காரணத்தோடு சொல்லப்படும் மறுப்பும் மாணவரை மதிப்பதுதான். மௌனம் அவரை மதிப்பதில்லை.

பெரியவர்கள் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்க முடியும் என்று ஐயுறுவோர் போலந்து நாட்டு மருத்துவரும் கல்வியாளருமான யானுஷ் கோர்சாக்கை நினைத்துப் பார்க்கலாம். வார்சாவில் 1912இல் திறக்கப்பட்ட அவரது அநாதை இல்லத்தில் குழந்தைகளே நீதிபதிகளாக அமர்ந்த நீதிமன்றம் ஒன்று இயங்கியது. அங்கே பெரியவர்கள் மீதும் வழக்குத் தொடுக்கலாம், கோர்சாக்கே அதன் முன் நின்றிருக்கிறார். எல்லாப் பள்ளிகளும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. போர்ச்சுகலில் 2017 முதல், பள்ளிச் செலவில் ஒரு சிறு தொகையை எதற்குப் பயன்படுத்துவது என்று மாணவர்கள் முன்மொழிந்து வாக்களித்துத் தீர்மானிக்கும் திட்டம் அரசுப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. தொகை சிறிதாக இருந்தாலும், முடிவு உண்மையானதாக இருந்தால் மாணவர்கள் கணக்குப் பார்க்கவும், விட்டுக்கொடுக்கவும், தோற்ற தரப்பின் வருத்தத்தைத் தாங்கவும் பழகுகிறார்கள்.

சர்ச்சைக்குரிய பொருள்களை வகுப்பறைக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. பெற்றோர் புகார் செய்வார்கள், ஆசிரியர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற பேச்சு வரும் என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அதன் விலை பெரிது. பன்னாட்டுக் கல்வி மதிப்பீட்டுக் கழகம் 1999இல் 28 நாடுகளில் ஏறத்தாழ 90,000 பதினான்கு வயது மாணவர்களிடம் நடத்திய ஆய்வு, வகுப்பில் தயங்காமல் விவாதிக்கும் சூழலைக் கண்டவர்களிடம் குடிமை அறிவும், பிற்காலத்தில் வாக்களிக்கும் எண்ணமும் கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஆசிரியரின் அச்சத்துக்கும் வழி இருக்கிறது. ஜெர்மனியில் 1976இல் பாய்டல்ஸ்பாக் என்னும் ஊரில் கூடிய கல்வியாளர்களின் கலந்துரையாடலிலிருந்து உருவான இணக்கம் மூன்று நெறிகளைத் தருகிறது: மாணவரைத் தன் கருத்துக்குள் தள்ளிவிடக் கூடாது, சமூகத்திலும் அறிவுலகிலும் சர்ச்சைக்குரியதாக இருப்பதை வகுப்பிலும் அப்படியே காட்ட வேண்டும், மாணவர் தம் நிலையைத் தாமே ஆராய்ந்து செயல்படும் திறனைப் பெற வேண்டும். நடைமுறையில், ஒரு தரப்புக்காக வாதாடிய மாணவரை அடுத்த வாரம் எதிர்த்தரப்புக்காக வாதாடச் சொல்வதே நல்ல தொடக்கம்.

சமூக சேவையைக் கட்டாய நேரக் கணக்காக்குவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு, இருந்தாலும் நேர்மையாக இரு பக்கமும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேர சேவைக் கற்றல், அதாவது சேவையோடு இணைந்த கல்வி, என்ற விதி உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அதற்கு 40 மணி நேரச் சமூகப் பணி தேவைப்படுகிறது. கட்டாயம் இல்லாவிட்டால் சேவையின் பக்கமே வந்திருக்காத மாணவர்களை இவை அழைத்து வருகின்றன என்பது உண்மை. ஆனால் கல்லூரி மாணவர்களைக் கொண்டு 1999இல் உளவியலாளர் மூவர் வெளியிட்ட ஆய்வு, பிறர் வற்புறுத்தலால் செய்கிறோம் என்ற உணர்வு பிற்காலத்தில் தன்னார்வமாகச் செயல்படும் எண்ணத்தைக் குறைக்கக்கூடும் என்று எச்சரித்தது. எனவே நேரத்தைப் பள்ளி நிர்ணயித்தாலும், எங்கே, யாருடன், என்ன பணி என்பதை மாணவரிடமே விட வேண்டும்.

முதியோர் இல்லத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை போய், பொருள்களைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைச் சேவை என்று சொல்லிக்கொடுப்பது இதைவிட மோசமானது. அங்கிருப்பவர்களிடம் "உங்களுக்கு என்ன தேவை, நாங்கள் எப்போது வரலாம்?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொடுக்கும் கைக்கு உயரமும் வாங்கும் கைக்குத் தாழ்வும் அங்கே இயல்பாகிவிடுகின்றன. கல்வி ஆய்வாளர்களான ஜோயல் வெஸ்ட்ஹைமரும் ஜோசப் கானும் 2004இல் எழுதிய கட்டுரை இதற்கு ஓர் எளிய அளவுகோலைத் தருகிறது: உணவுச் சேகரிப்புக்கு ஒருவர் பொருள் தருகிறார், இன்னொருவர் அந்தச் சேகரிப்பை ஒருங்கிணைக்கிறார், மூன்றாமவர் மக்கள் ஏன் பசியோடு இருக்கிறார்கள் என்று கேட்டு, கண்டதைக் கொண்டு செயல்படுகிறார். பெரும்பாலான பள்ளிகள் முதலாமவரை உருவாக்கியதோடு நின்றுவிடுகின்றன. மூன்றாமவரின் கேள்விக்கு ஒரு வகுப்பு நேரம் ஒதுக்கினால் போதும், சேவை கல்வியாக மாறத் தொடங்கும்.

நன்றாகப் பேசும், நல்ல மதிப்பெண் எடுக்கும் அதே நான்கு பேரை எல்லாவற்றுக்கும் அனுப்புவதும் பரவலான தவறே. குலுக்கல் முறையில் சில இடங்களை நிரப்பினால் பின்வரிசையில் இருப்பவர்களும் வருவார்கள். அங்கே எதிர்பாராத குரல்கள் இருக்கும்.

உரிமைகளைப் பாடமாக நடத்திவிட்டு, மாணவர்கள் கையொப்பம் திரட்டி மனு கொடுத்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் பள்ளி தன் பாடத்தைத் தானே அழிக்கிறது. வியட்நாம் போரை எதிர்த்து 1965இல் கையில் கருப்புப் பட்டை அணிந்ததற்காக அமெரிக்காவின் டிமாயின் நகரில் மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பள்ளி வாசலில் நுழைவதால் மாணவர்கள் தம் கருத்துரிமையை இழந்துவிடுவதில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1969இல் தீர்ப்பளித்தது. மனு வந்தால், அதைக் கொண்டுவந்தவர்களை உட்காரவைத்துப் பேசுவதே பள்ளியின் முதல் வேலை.

கடைசியாக, அதிகம் கவனிக்கப்படாத ஒன்று: நினைவு. மூத்த மாணவர்கள் விடைபெற்றதும் மன்றம் ஒவ்வோர் ஆண்டும் வெறுங்கையோடு தொடங்குகிறது. முந்தைய கோரிக்கைகள் என்னவாயின என்று யாருக்கும் தெரிவதில்லை. இதற்கு ஒரு தடித்த நோட்டுப்புத்தகம் போதும். ஒரு நெடுவரிசையில் கேட்டது, அடுத்ததில் கேட்ட தேதி, மூன்றாவதில் யாரிடம், நான்காவதில் வந்த பதில். ஒவ்வொரு கூட்டமும் நான்காவது நெடுவரிசை காலியாக உள்ள கோரிக்கைகளைத் தலைமையாசிரியர் முன்னிலையில் உரக்க வாசிப்பதிலிருந்து தொடங்கட்டும்.