ஸ்பெயினில் குடியேறும் தமிழ்க் குடும்பம்: பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி வசப்பட

வேலை நிமித்தம் ஸ்பெயினுக்குக் குடும்பத்துடன் செல்வோர், வீட்டு வாடகையை விசாரிப்பதற்கு முன்பே அந்த ஊர்ப் பள்ளிகளில் எந்த மொழியில் பாடம் நடக்கிறது என்று விசாரித்துவிடுவது நல்லது. மாட்ரிட்டில் ஸ்பானிய மொழி ஒன்றே பொது மொழி. பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவிலோ அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் கட்டலான் மொழியில்தான் கற்பிக்கிறார்கள்; பாஸ்க், கலீசியா, வலென்சியா பகுதிகளுக்கும் தத்தம் மொழிகள் உண்டு. பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு புதிய மொழிகளை எதிர்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்தால் பின்னால் திகைக்க வேண்டியதில்லை.

ஊர் சேர்ந்ததும் கடவுச்சீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று, 'எம்பாத்ரோனாமியெந்தோ' எனப்படும் குடியிருப்புப் பதிவைச் செய்துகொள்ளுங்கள். பள்ளிச் சேர்க்கை உட்படப் பல காரியங்களுக்கு அதன் சான்றிதழைக் கேட்பார்கள். 6 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், செப்டம்பரில் தொடங்கும் கல்வியாண்டின் நடுவில் போய்ச் சேர்ந்தாலும் பிள்ளைக்கு இடம் உண்டு. ஆனால் நீங்கள் விரும்பிய பள்ளியிலேயே கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

முதல் சில மாதங்களில் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். காதால் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கும் காலம் அது. "இன்றைக்கு என்ன பேசினாய்?" என்று மாலைதோறும் துருவுவதையும், விருந்தினர் முன் பேசிக் காட்டச் சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஓரிரு ஆண்டுகளில் கைவந்துவிடும். பாடப்புத்தகத்தின் மொழி கைவர அதைவிடப் பல ஆண்டுகள் ஆகும். சரளமாகப் பேசும் பிள்ளை வரலாற்றுத் தேர்வில் தடுமாறினால், அதைச் சோம்பல் என்று எண்ணிவிட வேண்டாம்.

வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது ஆங்கிலத்தின் வழியாகச் செல்வதைவிடத் தமிழின் வழியாகச் செல்வது பல இடங்களில் எளிது. 'மே குஸ்தா' என்பது 'எனக்குப் பிடிக்கும்' என்பதேதான். 'மே துவேலே லா மானோ' என்றால் 'எனக்குக் கை வலிக்கிறது'. நான்காம் வேற்றுமையை அறிந்த பிள்ளைக்கு இதில் விளக்க எதுவுமில்லை. 'பேசுகிறேன்' என்றாலே பேசுபவர் யார் என்பது தெரிவதுபோல, 'ஆப்லோ' என்ற வினைமுற்றும் 'நான்' என்ற சொல்லை வேண்டுவதில்லை. ஸ்பானிய 'ñ' எழுத்தின் ஞகரமும் நமக்குப் பழகிய ஒலி. தமிழ் கைகொடுக்காத இடம் பால் பாகுபாடு: மேசைக்கும் புத்தகத்துக்கும் பால் உண்டு என்பது அஃறிணைப் பொருளுக்கு ஆண்பால் பெண்பால் பார்க்காத நமக்கு விந்தைதான். ஆகவே எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாகக் கற்பிக்காமல், 'லா மேசா' (மேசை, பெண்பால்), 'எல் லிப்ரோ' (புத்தகம், ஆண்பால்) என்று பாலைக் காட்ட முன்னால் வரும் சொல்லுடனேயே பழக்குங்கள்.

ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்ய விடாதீர்கள். (இங்கே நான் எழுதுவது உங்களுக்காக, பிள்ளைக்காக அல்ல.) எடையைக் குறிக்கும் சொல்லும் முத்தத்தைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோல 'பேசோ' என்றே வந்து நிற்கும், காய்கறிக் கடையில் இது சங்கடம். அதுபோல, 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் 'நாய்'. நாக்கை உருட்டும் இந்த வேறுபாட்டைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைத்து, 'நீ' என்பதற்கு இணையான 'து' என்ற சொல்லால் பேசுவது அங்கே பரவலான வழக்கம், அவமரியாதை அன்று. 'நீங்கள்' என்பதற்கு 'உஸ்தெத்' இருக்கிறது. அறிமுகமில்லாத முதியவர்களிடமும் அலுவலகங்களிலும் அது பயன்படும்.

பிள்ளைகள் முந்திக்கொண்டதும் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அவர்களையே மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லத் தோன்றும். பத்து வயதுப் பிள்ளை தாயின் நோயை மருத்துவருக்கு விளக்கும் நிலை வரவே கூடாது. அரசு நடத்தும் மொழிப் பள்ளிகளிலோ முதியோர் கல்வி மையங்களிலோ பெற்றோரும் சேர்ந்து படியுங்கள்.

வீட்டு மொழி தமிழாகவே இருக்கட்டும். "அம்மா, என் மொச்சிலா எங்கே?" என்று பிள்ளை கேட்டால் கண்டிக்காமல், "உன் புத்தகப் பை கதவுக்குப் பின்னால் இருக்கிறது" என்று பதில் சொன்னால் போதும்.