நாயோடு ஜெர்மனி போறீங்களா? முதலில் சிப், அப்புறம்தான் ஊசி

வேலை மாற்றலாகி சென்னையிலிருந்து ஜெர்மனி போகிறீர்கள், வீட்டு நாயும் கூட வருகிறது என்றால், உங்கள் விசாவுக்கு முன்பே அதன் வேலையைத் தொடங்கிவிடுங்கள். கையில் ஐந்து மாதமாவது இருக்கட்டும்.

முதலில், நாயின் தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க அடையாள எண் கொண்ட மைக்ரோசிப். அதன் பிறகு போட்ட வெறிநோய்த் தடுப்பூசிதான் கணக்கில் வரும். முந்தைய ஊசி செல்லாது. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வெறிநோய்க்கு எதிரான எதிர்ப்பு சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ.வாவது (சர்வதேச அலகு) காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். எந்த ஏஜென்ட்டாலும் அதைக் குறைக்க முடியாது. அரசு கால்நடை அதிகாரி தரும் ஆரோக்கியச் சான்றிதழ் வாங்கி 10 நாளுக்குள் அங்கே இறங்கிவிட வேண்டும்.

விமானத்தில் கொண்டுபோகும் கூண்டுக்குள் நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் வேண்டும். இப்போதே வாங்கி ஹாலில் திறந்து வையுங்கள். சோற்றை உள்ளேயே வையுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின இரவு ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டால் ஏற்றும்போது சிந்தாது, மெல்ல உருகும்.

பயப்படுமே என்று மயக்க மருந்து கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சும் தடுமாறும். விமான நிறுவனங்களும் பெரும்பாலும் ஏற்றாது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களைச் சில நிறுவனங்கள் சரக்கறையில் ஏற்றுவதே இல்லை. டிக்கெட் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.