பழைய வேனை எடுத்துட்டு அம்பை மறுபடி ஒட்டறதுக்கு ரெடி பண்றது

அம்போட பின் பக்கம் இறகு மாதிரி ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் துண்டுதான் வேன். புதுசா ஒட்டுன வேன் நாலு நாள்ல கழண்டு வந்தா எல்லாரும் பசையத்தான் திட்டுவாங்க, ஆனா பெரும்பாலும் காரணம் ஷாஃப்ட்ல, அதாவது அம்போட தண்டுல, இருந்த பழைய பசையும் கை எண்ணெயும்தான். அதனால ஒட்டறத விட சுத்தம் பண்றதுக்கு அதிக நேரம் ஒதுக்குங்க.

முதல்ல அந்த அம்பு தேறுமான்னு பாத்துடுங்க. கார்பன் ஷாஃப்ட்னா முகத்துக்கு தள்ளி வச்சு ரெண்டு முனையையும் புடிச்சு லேசா வளைங்க, கொஞ்சம் கொஞ்சமா திருப்பி எல்லா பக்கமும் வளைச்சு பாருங்க. கிரக்னு சத்தம் வந்தாலோ, பஞ்ச வச்சு நீளவாக்குல இழுக்கும்போது எங்கயாவது மாட்டுனாலோ அத உடச்சு தூக்கி போட்டுடுங்க, வச்சிருந்தா யாராவது தெரியாம எடுத்து எய்வாங்க, வில்லுலயே சிதறி கையில குத்திடும்.

எடுக்கறதுக்கு முன்னாடி வேன் நாக்ல (அம்ப நாண்ல மாட்டற பின் முனை) இருந்து எவ்ளோ தள்ளி இருக்குன்னு அளந்து எழுதி வச்சுக்கோங்க.

இப்போ மொக்கையான கத்தி போதும், புது பிளேடு வேணாம். கத்திய ஷாஃப்ட் மேல கிட்டத்தட்ட படுக்க வச்சு, உடம்புக்கு எதிர் பக்கமா தள்ளுங்க, வேன் அடியோட உரிஞ்சு வரும், ஆனா பசை வெள்ளையா ஒரு கோடு மாதிரி நிக்கும், அத சுரண்டிதான் எடுக்கணும், தோண்ட கூடாது. கார்பன்ல நார் அறுந்தா அந்த இடம் வீக் ஆயிடும். அலுமினியம் கொஞ்சம் தாங்கும். ரீகர்வ்ல (முனை வெளிப்பக்கமா வளைஞ்ச வில்லு) போடற சுருள் வேன் டேப்ல ஒட்டுனதுதான், உரிச்சா வந்துடும். ஸ்டிக்கர் மாதிரி ராப் சுத்தியிருந்தா பின் பக்கத்த மட்டும் சுடுதண்ணில கொஞ்ச நேரம் வச்சு உரிங்க. தயவுசெஞ்சு நெருப்பு காட்டாதீங்க, கார்பன்ல இருக்கற ரெசின் கெட்டுடும்.

மிச்ச பசைக்கு அசிட்டோன துணில தொட்டு துடைங்க, ஊற வைக்காதீங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் வேணாம், நிறைய பிராண்டுல கை காயாம இருக்க எண்ணெய் கலந்திருப்பாங்க, நாம எடுக்க பாக்கறதே அந்த எண்ணெயத்தான். பெயிண்ட் அடிச்ச மர ஷாஃப்ட்ல அசிட்டோன் பட்டா பெயிண்டே கரைஞ்சிடும், அதுக்கு மெல்லிசா உப்பு காகிதம் போட்டு தேச்சா போதும். ஜன்னல தொறந்து வச்சு, கிளவுஸ் போட்டு செய்யுங்க, பக்கத்துல அடுப்பு எரிய கூடாது. கார்பன தேய்க்கணும்னா ஈரம் பண்ணி தேய்ங்க, மாஸ்க் போடுங்க, அந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது.

சுத்தமாச்சான்னு தெரிஞ்சுக்க அந்த இடத்துல தண்ணி ஊத்தி பாருங்க. தண்ணி மெல்லிசா பரவி நின்னா சரி, முத்து முத்தா உருண்டா இன்னும் எண்ணெய் இருக்கு, மறுபடி துடைங்க. மர ஷாஃப்ட்டுக்கு இந்த டெஸ்ட் வேணாம். அப்புறம் அந்த இடத்த வெறும் கையால தொடாதீங்க, நாக்ல விரிசல் இருக்கான்னு பாக்கறதா இருந்தாலும் முன் பக்கத்த புடிச்சே பாருங்க. நல்லா காஞ்சதும் அன்னைக்கே ஜிக்ல (ஒட்டும்போது அம்பையும் வேனையும் சரியா புடிச்சு வைக்கற கருவி) மாட்டி ஒட்டிடுங்க, மறுநாள்னா தூசி படிஞ்சிருக்கும், இன்னொரு தடவ துடைக்கணும்.