முடிவைச் சொல்லாமல் மர்ம நாவல் பரிந்துரைப்பது எப்படி?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் வலையும் கயிறும் விற்கும் கடை என்னுடையது. தங்கூசி வலைக் கட்டுகளுக்குப் பின்னால், உப்புக்காற்று அதிகம் படாத சுவரோரம், இரண்டு தட்டு நிறைய நாவல்கள் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும்போது அந்தத் தட்டுகள் பாதி காலியாகிவிடும். கிழிந்த வலையைப் பின்னுவதற்கு நூல் வாங்க வருகிறவர்கள், பணத்தைக் கொடுத்துவிட்டு, "அண்ணே, ஒரு துப்பறியும் கதை கொடுங்கள்" என்பார்கள்.

பல வருடம் கொடுத்து வாங்கியதில் எனக்கு ஒன்று தெளிவானது. மற்ற புத்தகங்களைப் பரிந்துரைக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மர்ம நாவலைக் கொடுப்பவர் மட்டும் ஒரு ரகசியத்தையும் சேர்த்துக் காக்க வேண்டியிருக்கிறது. நண்பர்களுக்கு இத்தகைய நாவல்களைச் சொல்லத் தொடங்கியிருப்பவர்களுக்காக, நான் பின்பற்றும் முறையை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: ஆளைக் கேளுங்கள்

"மர்மக் கதை பிடிக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தப் புத்தகத்தையும் எடுக்க முடியாது. "கடைசியாக எந்தக் கதை உங்களைத் தூங்கவிடவில்லை?" என்று கேளுங்கள். அது டிவி தொடராக இருக்கலாம், சினிமாவாக இருக்கலாம், ஊரில் நடந்த ஒரு வழக்காகக்கூட இருக்கலாம். பதில் சொல்லும்போது அவர் எந்த இடத்தில் குரலை உயர்த்துகிறார் என்று கவனியுங்கள். "அவன்தான் செய்திருப்பான் என்று கடைசிவரை தோன்றவே இல்லை" என்றால் அது ஒரு வகை ரசனை. "பிடிபட்டுவிடுவானோ என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது" என்றால் வேறு வகை. "யாரை நம்புவதென்றே தெரியவில்லை" என்பவர் மூன்றாவது வகை.

இரண்டாம் படி: மூன்று வகைகளையும் பிரித்துப் பாருங்கள்

தொடங்குபவர்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

துப்பறியும் கதையில் எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. கொலை நடந்துவிட்டது, செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்பதுதான் கேள்வி. ஆர்தர் கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ், அகதா கிறிஸ்டியின் பாய்ரோ எல்லாம் இந்த வகை. இங்கே வாசகரும் துப்பறிபவரோடு போட்டி போடுகிறார். போட்டி நேர்மையாக இருக்க வேண்டும். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-இல் இவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நான் ஒரு துப்பறியும் நாவலை எடைபோடுவதும் இதை வைத்துத்தான். முடித்த பிறகு பின்னோக்கிப் புரட்டுவேன். தடயம் முன்பே என் கண்ணில் பட்டிருந்தால் அந்தப் புத்தகம் தட்டில் இருக்கும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஓர் இரட்டைச் சகோதரன் முளைத்தால் அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

சஸ்பென்ஸ் கதையில் கேள்வி, இனி என்ன ஆகும் என்பது. இதை விளக்க எங்கள் பக்கத்தில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடிக்குப் போன ரயிலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிக்னல் கிடைக்கவில்லை, ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார், பிறகு நீளமாக விசில் கொடுக்கிறார் என்ற இடத்தில் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். அந்த ரயில் திரும்பவில்லை என்பது ராமேஸ்வரம் தீவில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் கணத்தில் "போகாதே" என்று மனம் கதறும். முடிவு தெரிந்த பிறகும் மூச்சு நிற்கிறதே, சஸ்பென்ஸ் என்பது அதுதான்.

ஃபிரடெரிக் ஃபோர்சித் 1971-இல் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜேக்கல்' இதே வலுவில் நிற்கிறது. பிரான்ஸ் அதிபர் தகாலைக் கொல்ல ஒரு கூலிக் கொலைகாரன் அமர்த்தப்படுகிறான். தகால் யார் கையாலும் சாகவில்லை என்பது வரலாறு. ஆனாலும் அவன் பாஸ்போர்ட் தயாரிப்பதையும் துப்பாக்கிக்குச் சொல்லிவைப்பதையும் படிக்கப் படிக்க, புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. "முடிவுதான் தெரியுமே, ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்கும் நண்பருக்கு இந்த நாவலைக் கொடுங்கள்.

ஒற்றர் கதையில் ஆட்டம் நம்பிக்கையைச் சுற்றியே நடக்கிறது. இதற்குள்ளேயே இரண்டு ஓட்டங்கள் உண்டு. இயன் ஃபிளெமிங் 1953-இல் 'கேசினோ ராயல்' நாவலில் தொடங்கிவைத்த ஜேம்ஸ் பாண்ட் கதைகள் வேகமானவை. பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்த ஜான் லெ காரே 1963-இல் எழுதிய 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' அப்படியல்ல. பெர்லின் சுவரின் நிழலில் மெதுவாக நகரும். களைத்துப்போன மனிதர்கள், பாதி உண்மைகள், பொய்க்குள் பொய். துரத்தலையும் துப்பாக்கியையும் எதிர்பார்ப்பவருக்கு இதைக் கொடுத்தால் நாற்பதாம் பக்கத்தில் மூடிவிடுவார். மனிதர்களின் முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் உள்ளவருக்குக் கொடுத்தால் உங்களை மறக்கமாட்டார். என் கடைக்கு வருகிறவர்களில் லெ காரேயை அதிகம் விரும்பியவர் மீன் ஏலம் விடும் ஒரு மாமா. "இதில் யாருமே விலையை முதலில் சொல்வதில்லை, பார்த்தாயா தம்பி" என்றார். அதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை.

மூன்றாம் படி: தமிழிலிருந்து தொடங்குங்கள்

ஆங்கிலம் தெரிந்தவரானாலும் முதல் புத்தகம் தமிழில் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். பயமும் சந்தேகமும் தாய்மொழியில்தான் முதலில் உறைக்கின்றன. நமக்குப் பஞ்சமும் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு என்று நூறு ஆண்டுக்கு மேல் நீளும் வரிசை இது. ஆனால் அந்தப் பழைய நடை புதியவர்களுக்குச் சற்றுக் கடினம். பழகியவர்களுக்குப் பிறகு கொடுக்கலாம்.

ரத்தம், பிணம் என்றாலே முகம் சுளிப்பவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. அசட்டுத்தனமும் அதிர்ஷ்டமும் சேர்ந்து வழக்கைத் தீர்க்கும். நேரடியான துப்பறிதல் வேண்டுமென்றால் தமிழ்வாணனின் சங்கர்லால். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், எழுத்து நேராக ஓட வேண்டும் என்பவருக்கு ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. வலை பின்னும் இடைவெளியில் படிக்கிறவர்கள் அதிகம் கேட்பது இந்த மாத நாவல்களைத்தான். கையில் மடங்கும், சட்டைப்பையில் அடங்கும். மொழியே சுவையாக இருக்க வேண்டும் என்பவருக்குச் சுஜாதா. கணேஷ் என்ற வக்கீல் முதலில் வந்தது 1968-இல் 'நைலான் கயிறு' நாவலில். அவருடைய ஜூனியர் வசந்த் பின்னால் வந்து சேர்ந்தார். நைலான் கயிறு விற்கும் கடையில் அந்தப் புத்தகத்துக்கு இடம் இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இருவரையும் சேர்த்துப் பார்க்க 'கொலையுதிர் காலம்' கொடுங்கள். நடப்பவை அமானுஷ்யமா, அறிவுக்குள் அடங்குமா என்று அந்த இருவருக்குள்ளேயே வழக்கு நடக்கும்.

நான்காம் படி: அவர் வாழ்க்கையில் எது ஆறாமல் இருக்கிறது என்று யோசியுங்கள்

இதை நான் பட்டுத்தான் கற்றேன். கடல்பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா, படிப்பில் வேகமானவர், வாரம் ஒரு புத்தகம் முடிப்பவர். ஒருமுறை அவசரத்தில் கைக்கு வந்த நாவலை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையிலேயே திருப்பிக் கொண்டுவந்தார். ஒன்றும் சொல்லவில்லை, மேசைமேல் வைத்துவிட்டு, அரைக்கிலோ ஈயக்குண்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் கரையில் ஒரு சடலம் ஒதுங்குகிறது. அந்த அக்காவின் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம்தான். யோசிக்கவில்லை.

அதிலிருந்து எந்தப் புத்தகத்தையும் முதல் அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை பார்க்காமல் கொடுப்பதில்லை. குழந்தை காணாமல் போகும் கதை, தற்கொலை வரும் கதை, பெண்ணைத் துன்புறுத்தும் காட்சி உள்ள கதை என்றால் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "இதில் இப்படி ஒன்று வரும், பரவாயில்லையா?" அதனால் கதையின் மர்மம் எதுவும் கெடாது. யார், ஏன் என்பதைச் சொல்லாமலே இந்த எச்சரிக்கையைக் கொடுக்க முடியும்.

ஐந்தாம் படி: எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது

கொடுக்கும்போது நான்கைந்து வாக்கியம் போதும். சூழலைச் சொல்லுங்கள், கேள்வியைச் சொல்லுங்கள், நிறுத்திவிடுங்கள். அகதா கிறிஸ்டி 1939-இல் எழுதிய தீவு நாவலை, 'அண்ட் தென் தேர் வேர் நன்' என்று இப்போது அறியப்படுவதை, ஒரு படகோட்டித் தம்பிக்கு நான் சொன்ன விதம் இது:

"கரைக்கு அப்பால் ஒரு தீவு. நம் குருசடைத் தீவு மாதிரி, கரையிலிருந்து பார்த்தால் தெரியும். பத்துப் பேர் அங்கே போய்ச் சேர்கிறார்கள். அழைத்தவர் வரவில்லை. காலையில் வர வேண்டிய படகும் வரவில்லை."

அவர் உடனே, "காற்றா?" என்று கேட்டார். வாடைக்காற்று கிளம்பினால் படகு என்னாகும் என்று தெரிந்தவர். நான், "படித்துப் பாருங்கள்" என்றேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். அந்த "காற்றா?" என்ற கேள்வி வந்த பிறகு நான் வேறு எதுவும் பேசியிருந்தால் கெடுத்திருப்பேன். கேட்பவர் வாயிலிருந்து ஒரு கேள்வி பிறந்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது.

சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு, எல்லோரும் நல்ல எண்ணத்தில் அதைச் சொல்கிறார்கள்: "கடைசியில் பெரிய திருப்பம் இருக்கிறது." கீழக்கரையிலிருந்து வரும் ஒரு காக்காவிடம் (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) நானும் அப்படிச் சொன்னேன். அவர் பத்தாம் பக்கத்திலிருந்தே யாரையும் நம்பாமல் படித்தார். நல்லவராக வந்த ஒரே பாத்திரத்தைப் பிடித்து, "இவர்தானே?" என்று பாதியிலேயே வந்து கேட்டார். அவர் கேட்டது சரிதான். திருப்பம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டாலே வாசகர் காவலாகிவிடுகிறார். "முடிவை ஊகிக்கவே முடியாது", "அந்த டாக்டரைக் கவனித்துக்கொள்" போன்றவையும் இதே குற்றம்தான். இன்னொன்று, முகம். அவர் பாதி படித்துவிட்டு வந்து தன் சந்தேகத்தைச் சொல்லும்போது சிரிக்காதீர்கள், புருவத்தை உயர்த்தாதீர்கள். அந்த நேரத்தில் நான் கயிற்றை அளக்கத் தொடங்கிவிடுவேன்.

பின்னட்டையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சில பதிப்புகளில் பாதிக் கதை அங்கேயே இருக்கும். அப்படி இருந்தால் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொடுங்கள்.

ஆறாம் படி: வரிசை

பெரும்பாலான தொடர் நாவல்களை எங்கிருந்தும் தொடங்கலாம். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். பாய்ரோவின் கடைசி வழக்கான 'கர்ட்டன்', 1975-இல் வெளிவந்தது, உண்மையிலேயே கடைசியாகப் படிக்க வேண்டியது. லெ காரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை', 1974-ஆம் ஆண்டு நாவல், அடுத்து 1977-இல் வந்த 'தி ஹானரபிள் ஸ்கூல்பாய்' நாவலுக்கு முன்பே படிக்கப்பட்டாக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் முதல் புத்தகத்தின் ரகசியத்தை இரண்டாவது புத்தகமே உடைத்துவிடும்.

ஏழாம் படி: சீட்டு வையுங்கள்

துப்பறியும் நாவல் கொடுக்கும்போது, மர்மம் அவிழ்வதற்குச் சில பக்கங்கள் முன்னால் கடைப் பில் தாள் ஒன்றை மடித்து வைக்கிறேன். "இந்தச் சீட்டு வரும்போது நிறுத்தி, யார்மேல் சந்தேகம் என்று எழுதிவிட்டு மேலே படியுங்கள்" என்பதுதான் நிபந்தனை. சீட்டு எங்கே இருக்கிறது என்பதே ஒரு குறிப்பாகிவிடாதபடி, எப்போதும் அத்தியாயத் தொடக்கத்தில் வையுங்கள். நடு வாக்கியத்தில் வைத்தால் அந்த வாக்கியத்தையே சந்தேகப்படுவார்கள்.

புத்தகம் திரும்பி வரும்போது அந்தச் சீட்டுதான் அடுத்த பரிந்துரை. சரியாக எழுதியிருந்தால் அடுத்து இன்னும் சிக்கலான கதை. தவறாக எழுதி, மகிழ்ச்சியோடு வந்தால் அதே எழுத்தாளரின் இன்னொரு நாவல். தவறாக எழுதி, ஏமாற்றப்பட்டதாகக் கோபத்தோடு வந்தால் அவருக்குப் புதிர் பிடிக்கவில்லை என்று பொருள். அடுத்த முறை சஸ்பென்ஸ் கொடுத்துப் பாருங்கள். சீட்டில் ஒன்றுமே எழுதாமல் வந்தால், நிறுத்த மனம் வராமல் ஓடியிருக்கிறார். அவரும் சஸ்பென்ஸ் வாசகர்தான்.

படகோட்டித் தம்பி நான்காம் நாள் வந்தார். சீட்டில் மூன்று பெயர்கள் எழுதி, மூன்றையும் அடித்திருந்தார். கீழே பென்சிலில், "படகோட்டி இல்லை, அது மட்டும் தெரியும்" என்று இருந்தது. பிஸ்கட் டின்னில் மற்றச் சீட்டுகளோடு அதையும் போட்டுவிட்டு, அவருக்காக ஃபோர்சித்தை எடுத்தேன்.